நிழலோடு பிறந்தவர்கள்: உங்கள் அடுத்த கதாபாத்திரம் யாராக இருக்க வேண்டும்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக நடிக்கும் விளையாட்டு. கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இந்தக் கதை ஷேடோஃபெல் என்ற இருண்ட உலகம் வரை போகும். கதாபாத்திரத் தாளில் பெயருக்குக் கீழே இனம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தால், அவர்களில் ஒருவராவது "அந்த இருட்டு உலகத்தோடு சம்பந்தமுள்ள ஆள் எனக்கு வேண்டும்" என்பார். எங்கள் மேசையில் பல வருடங்களாக அந்த ஒருவர் நான்தான். ஷடார்-கை, ஃபெட்ச்லிங், ரீபார்ன், டாம்பிர் என நான்கு நிழல் இனங்களையும் ஆடிப் பார்த்தோ அருகில் இருந்து பார்த்தோ இருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எது பலமானது என்று தரவரிசை போடும் பட்டியல்கள் ஏராளம். எந்தச் சக்தியானாலும் மூன்றாவது ஆட்டத்துக்குள் பழகிவிடும்; பத்தாவது ஆட்டத்தில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். எனவே நான் முதலில் பார்ப்பது கடன் கணக்கை. அந்த உலகம் இந்த ஆளுக்கு என்ன கொடுத்தது, அதற்கு ஈடாக எதை எடுத்துக்கொண்டது? இந்தக் கேள்விக்கு நான்கு இனங்களும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன. உங்களுக்கு எந்தப் பதிலோடு ஒரு வருடம் வாழ முடியும் என்று பாருங்கள்.

தொடங்குமுன் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். "நிழலுலகம்" என்று எழுதினால் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் கடத்தல்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அதனால் விளையாட்டில் உள்ள பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வெயிலுக்கு ஒதுங்கும் நிழலுக்கும் காலடியில் தொடரும் நிழலுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நமக்கு இரண்டும் ஒன்றே. ஷேடோஃபெல்லை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்தது அச்சமூட்டும் இரண்டாவது நிழலை. தமிழில் யோசித்து ஆடுபவருக்கு முதல் நிழலும் கூடவே வரும். அதை உதறிவிடாதீர்கள். கீழே ஓரிடத்தில் அது கைகொடுக்கும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்தது. பழைய பதிப்புகளில் நிழல் தளம் என்று ஓர் இடம் இருந்தது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு அதை ஷேடோஃபெல் ஆக்கியது: நம் உலகத்தின் கறுத்த பிரதிபலிப்பு, இறந்தவர்களின் ஆன்மா கடந்து போகும் வழி. இங்கே செழிப்பான நகரம் நிற்கும் இடத்தில் அங்கே அதன் சிதைந்த சாயல் நிற்கும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் நூல், இதற்கு ஒரு விருப்ப விதியைச் சேர்த்தது. அங்கே தங்கும் கதாபாத்திரம் மனவுறுதிக்காகப் பகடை உருட்ட வேண்டும். 15 எட்டாவிட்டால் விரக்தி பிடித்துக்கொள்ளும். அந்த விரக்தி அக்கறையின்மையாக வரலாம், பீதியாக வரலாம், பித்தாகவும் வரலாம். அக்கறையின்மை பிடித்தவருக்கு, சாகும் தறுவாயில் உருட்டும் பகடைகூடப் பாதகமாகிவிடும். உயிரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணமே மங்கிப்போவதை ஒரு விதி இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. இந்த விதியைப் பயன்படுத்தும் மேசையில்தான் நிழல் இனங்கள் முழு உயிர் பெறுகின்றன.

முதலில் ஷடார்-கை. பெரும்பாலானோர் தேடி வருவது இவர்களைத்தான். ஒரே பெயரில் மூன்று வேறு வரலாறுகள் இவர்களுக்கு உண்டு என்பதால் குழப்பமும் இங்கேதான் அதிகம். 2003-ல் மூன்றாம் பதிப்பின் அரக்கர் நூல் ஒன்றில் இவர்கள் முள் பதித்த சங்கிலி ஏந்திய தேவதைக் குலத்தவர். நிழல் தங்களை விழுங்கிவிடாமல் இருக்க, கையில் முள் காப்பு ஒன்றை அணிந்து அதன் வலியாலேயே தங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். 2008-ல் இவர்கள் மனிதர்களாக இருந்து மாறியவர்கள். உணர்ச்சி அடங்கினால் கரைந்து மறைந்துவிடுவோம் என்று அஞ்சி எதையும் உச்சத்தில் செய்பவர்கள். 2018-ல் எல்ஃப் குலத்தில் சேர்க்கப்பட்டார்கள்: ரேவன் குயின் என்ற அண்டங்காக்கை அரசிக்குச் சேவை செய்பவர்கள், உலகெங்கும் சென்று துயர நினைவுகளைச் சேகரித்து அவளுடைய நினைவுக் கோட்டைக்குக் கொண்டுபோகிறவர்கள். உங்கள் மேசையில் எந்த ஷடார்-கை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 2008-ஐ நினைத்துக்கொண்டு வந்து, டஞ்சன் மாஸ்டர் 2018-ஐ நினைத்திருந்தால் இரண்டாவது வாரமே உரசல் வரும்.

சக்தி விஷயத்தில் இவர்களுக்குக் குறையே இல்லை. ஒரு போனஸ் ஆக்ஷனில் (வழக்கமான செயலோடு கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல்) 30 அடி தூரம் மறைந்து தோன்றலாம். 2018 நூலில் நீண்ட ஓய்வுக்கு ஒருமுறைதான். 2022-ல் வந்த திருத்திய வடிவத்தில் லெவலோடு உயரும் புரொஃபிஷியன்சி போனஸ் (தேர்ச்சி எண்) எத்தனையோ அத்தனை முறை: முதல் லெவலில் 2, ஐந்தாவதில் 3, ஒன்பதாவதில் 4. மூன்றாவது லெவலிலிருந்து, தாவியபின் உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரை உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். எல்லா வகைச் சேதமும் பாதிதான். டிராகன் மூச்சு 45 புள்ளி என்றால் உங்களுக்கு 22. நெக்ரோடிக் எனப்படும் சாவுச் சக்தியின் சேதத்துக்கு எதிர்ப்பு எப்போதுமே உண்டு. முன்வரிசையில் நிற்கும் போர்வீரரான ஃபைட்டரும் இதை எடுக்கலாம், பின்னால் நிற்கும் மந்திரவாதியான விஸார்டும் எடுக்கலாம்.

எனக்கு இவர்களிடம் பிடித்தது அந்தத் தாவல் இல்லை. 2018 நூல் ஒரு விவரம் சொல்கிறது: ஷேடோஃபெல்லில் இருக்கும்போது இவர்கள் முதியவர்கள். தோல் சுருங்கி, மூட்டுகள் வீங்கியிருக்கும். வேறு உலகத்துக்கு வந்தால் இளமை திரும்பும், பிணத்தின் வெளிறல் மட்டும் போகாது. எங்கள் மேசையில் தோழி ஒருத்தி ஷடார்-கை ரோக் (பதுங்கிப் பூட்டுத் திறக்கும் ஆள்) ஆடினாள். ஐந்து மாதம் வரை கூரைக்குக் கூரை தாவும் ஆள் அவள், அவ்வளவுதான். பிறகு குழு முதல்முறையாக எல்லையைக் கடந்தது. டஞ்சன் மாஸ்டர் அதிகம் பேசவில்லை. "பூட்டைத் திறக்கக் கையுறையைக் கழற்றுகிறாய். விரல்கள் மடங்க மறுக்கின்றன," என்றார். அவள் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கையுறையைத் திரும்பப் போட்டுக்கொள்கிறேன். பூட்டை வேறு யாராவது திறக்கட்டும்," என்றாள். அன்று இரவு முழுவதும் அவளுடைய கதாபாத்திரம் வரிசையின் கடைசியில், யாரும் முகம் பார்க்காத இடத்தில் நடந்தது. படிக்கட்டு வந்தபோது, வழக்கமாக அவளைச் சீண்டும் குள்ளர் குல கிளெரிக் (பூசாரி) ஒன்றும் சொல்லாமல் தோளைக் கொடுத்தார். அந்தக் கதையில் நடந்த எந்தப் போரும் எனக்கு இவ்வளவு தெளிவாக நினைவில் இல்லை.

எனவே ஷடார்-கையை எடுப்பவர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். இவர்களுக்கு ஓர் எஜமானி இருக்கிறாள். இவர்கள் பார்க்கும் ஒவ்வொரு சாவும் அவளுக்குக் காணிக்கை. நண்பன் தாயை இழந்து அழும்போது, ஆறுதல் சொல்லும் அதே நேரத்தில் அந்த அழுகையை எடுத்துப்போக வேண்டிய கடமையும் இருக்கும். இதை நடித்துக் காட்ட விருப்பமில்லாமல் தாவல் சக்திக்காக மட்டும் இவர்களை எடுப்பது எனக்கு வீணாகவே படுகிறது. தாவ வேண்டும் என்றால் எலாட்ரின் என்ற எல்ஃப் வகையை எடுக்கலாம். அவர்களும் 30 அடி தாவுவார்கள்.

அடுத்தது ஃபெட்ச்லிங். இவர்கள் வேறு விளையாட்டைச் சேர்ந்தவர்கள்: பாத்ஃபைண்டர். முதல் பதிப்பில், 2010-ல் வந்த இரண்டாவது அரக்கர் தொகுப்பில் அறிமுகமானார்கள். நிழல் தளத்தில் சிக்கிக்கொண்ட மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, உடலில் நிறமெல்லாம் வடிந்து, வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான சாம்பல் வண்ணங்களில் நிலைத்துவிட்டவர்கள். கண்ணில் கருமணி இருக்காது; மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ ஒளிரும். ஃபெட்ச்லிங் என்பது மனிதர்கள் வைத்த பெயர். நிழல் தளத்திலிருந்து சரக்கு கொண்டுவந்து கொடுப்பவர்கள் என்பதால் அப்படி அழைத்தார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் கயல். நம் மீனுக்கும் அந்தப் பெயருக்கும் உறவில்லை என்றாலும், தமிழ் மேசையில் அது உடனே நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. தயவுசெய்து அதையே பயன்படுத்துங்கள். ஓர் இனத்தை அது சுமக்கும் மூட்டையை வைத்து ஊரார் கூப்பிடுவதற்கும், அது தன்னைத் தானே கூப்பிடுவதற்கும் உள்ள தூரத்தில்தான் இந்தக் கதாபாத்திரத்தின் பாதி இருக்கிறது.

ஷடார்-கைக்கு இருப்பது போல எஜமானி இவர்களுக்கு இல்லை. கயலுக்கு நிழல் தளம் சாபமும் இல்லை, வேலை செய்யும் இடமும் இல்லை. அது பிறந்த ஊர். மேலே சொன்ன முதல் நிழல் இங்கேதான் உதவுகிறது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நாம் சொல்வது கயலுக்கு அப்படியே பொருந்தும். பகலில் சந்தையில் நிற்கும் ஒரு கயல் மாலைக்காகக் காத்திருப்பதை, வேலை முடிந்து வீடு திரும்பக் காத்திருப்பவரைப் போல ஆடிப் பாருங்கள். மிரட்டும் மர்ம ஆளாக ஆடுவதைவிட இது பல மடங்கு உயிரோட்டமாக இருக்கும்.

முதல் பதிப்பு விதிகளில் இவர்களுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கரிஸ்மா (வசீகரம்) இரண்டும் கூடுதல் 2. விஸ்டம் (விவேகம்) 2 குறைவு. குளிர், மின்சாரம் இரண்டுக்கும் 5 புள்ளி எதிர்ப்பு. மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் எவரையும் குறிவைத்தால் 20 சதவீதம் குறி தவறும். கயல் நின்றால் அது 50 சதவீதம். ஆட்டத்தில் இதற்கு என்ன பொருள் என்று கவனியுங்கள். தீவட்டி 20 அடிக்கு நல்ல வெளிச்சம் தரும், அதற்கு அப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கல். அந்த இரண்டாவது வளையத்தில் நிற்கப் பழகினால், இருட்டில் பார்க்கும் கண் இல்லாத எதிரியின் அடிகளில் பாதி காற்றில் போகும். குழுவினர் ஆளுக்கொரு தீவட்டி ஏற்றினால் அந்த வளையமே இல்லாமல் போய்விடும். அதனால் தீவட்டியை யார் பிடிப்பது என்ற பேச்சை முதல் நாளே பேசிவிடுங்கள். இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை: இவர்கள் விதிப்படி வேற்றுத் தளத்தவர் வகை என்பதால், மனிதக் குலத்தவரை மட்டும் பாதிக்கும் மயக்கு மந்திரங்கள் இவர்களிடம் எடுபடாது. அதே காரணத்தால் நண்பன் போடும் சில நல்ல மந்திரங்களும் வேலை செய்யாது.

ஒன்பதாவது லெவலில் நாளுக்கு ஒருமுறை நிழல் வழியாக நடக்கலாம். பதின்மூன்றாவதில் நிழல் தளத்துக்கும் நம் தளத்துக்கும் இடையே போய்வரலாம். இரண்டும் தனக்கு மட்டும்தான். நண்பர்களைக் கூட்டிப்போக முடியாது. குழு முழுவதும் சிறையில் இருக்கும்போது தான் மட்டும் ஊருக்குப் போய்விட முடிகிற ஆள் கயல். போகலாமா, போனால் திரும்பி வருவானா என்பது ஒரு வருட ஆட்டத்துக்கு வேண்டிய அளவு கேள்வி.

பாத்ஃபைண்டரின் கொலாரியன் உலகத்தில் ஆடுபவர்கள் நிடால் நாட்டைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம். எர்த்ஃபால் என்ற பேரழிவின்போது, உயிர் பிழைப்பதற்காக சோன்-கூத்தோன் என்ற வலியின் தெய்வத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குதிரை வீரர்களின் நாடு அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த ஒப்பந்தத்தின் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நிழலோடு வாழ்வது வேறு, நிழலுக்கு அடிமையாவது வேறு என்பதை ஒரு கயல் அங்கே போய் நின்றால் பார்க்கலாம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் திருத்தப்பட்ட நூல்களில் நிழல் தளத்தின் பெயர் நெதர்வேர்ல்ட் என்று மாறியிருக்கிறது. பெயரைப் பார்த்து வேறு இடம் என்று நினைக்க வேண்டாம்.

ரீபார்ன், டாம்பிர் இரண்டும் 2021-ல் வந்த ரேவன்லாஃப்ட் நூலிலிருந்து வருகின்றன. ரேவன்லாஃப்ட் என்ற பெயர் 1983-ல் ஒரு சாகசக் கதையாகத் தொடங்கியது. ஐந்தாம் பதிப்பில் அதன் அச்சப் பிரதேசங்கள், பனிமூட்டம் சூழ்ந்த தீவுகள் போல ஷேடோஃபெல்லுக்குள் மிதக்கின்றன. எனவே இவர்கள் இருவருக்கும் நிழலோடு உள்ள தொடர்பு கொஞ்சம் சுற்றி வந்ததுதான். இதே நூலில் ஹெக்ஸ்பிளட் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அது சூனியக்காரிகளின் வழி வந்தது என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

ரீபார்ன் செத்துத் திரும்பியவர். மூச்சு, உணவு, தண்ணீர், தூக்கம் எதுவும் வேண்டாம். நான்கு மணி நேரம் அசையாமல் இருந்தால் முழு ஓய்வு கிடைத்துவிடும். விஷத்துக்கு எதிர்ப்பு உண்டு. சாகும் தறுவாயில் உருட்டும் பகடை இவருக்குச் சாதகம். சக்தி என்று பார்த்தால் இவ்வளவுதான், போர்க்களத்தில் பகட்டு இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது: ஏதாவது திறமைக்காகப் பகடை உருட்டும்போது, போன பிறவியின் நினைவாக ஓர் ஆறு முகப் பகடையைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சின்னப் பகடையைச் சும்மா உருட்டிவிட்டுப் போகாதீர்கள். பூட்டைத் திறக்கும்போது உருட்டினால், இந்தக் கை இதற்குமுன் யார் வீட்டுப் பூட்டைத் திறந்தது என்று ஒரு வரி சொல்லுங்கள். குதிரையை அடக்கும்போது உருட்டினால், வாயிலிருந்து வந்த அந்தப் பெயர் எந்தக் குதிரையுடையது என்று நீங்களே ஒரு கணம் திகையுங்கள். இருபது ஆட்டங்களில் நாற்பது வரிகள் சேரும். அதைவிட நல்ல முன்கதையை யாரும் உட்கார்ந்து எழுதிவிட முடியாது.

முதல்முறை ஆடுபவர் என்னைக் கேட்டால் ரீபார்னைத்தான் காட்டுவேன். எந்த வரலாற்று நூலும் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. கதாபாத்திரத்துக்கும் எதுவும் நினைவில்லை, ஆடுபவருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாகவே கண்டுபிடிக்கலாம்.

டாம்பிரைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ரத்தக்காட்டேரியின் சுவடு உள்ளவர். சுவரிலும், மூன்றாவது லெவலிலிருந்து கைகளை விடுத்துக் கூரையிலும் நடக்கலாம். வேகம் 35 அடி. கடித்தால் கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) கணக்கில் சேதம். அதே அளவு உயிர்ப்புள்ளி திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த உருட்டலுக்குக் கூடுதலாகச் சேரும். விதிகளில் மிகவும் சுவையானது பசியின் பட்டியல். ரத்தம் மட்டும்தான் பசி என்று இல்லை. பச்சை இறைச்சியாக இருக்கலாம், உயிர்ச்சக்தியாக இருக்கலாம், கனவாகக்கூட இருக்கலாம். கனவைத் தின்னும் டாம்பிர் ஒருவரை நல்ல ஆட்டக்காரர் கையில் பார்த்தேன். குழுவில் யார் தூங்கப் போனாலும் அவர் எழுந்து வெளியே போய் நிற்பார். அழகாக இருந்தது. ஆனால் அது அபூர்வம். பெரும்பாலும் டாம்பிர் ஆடுபவர் தன் பசியையே மேசையின் மைய விஷயமாக்கிவிடுவார். மற்ற நால்வரின் கதைகளும் அவருக்குக் காவல் இருக்கும் கதைகளாகச் சுருங்கிவிடும். கடிப்பதும் ரத்தமும் எந்த அளவுக்குப் போகலாம் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

பழைய நான்காம் பதிப்பை இன்னும் ஆடுபவர்களுக்கு ஷேட் என்ற ஐந்தாவது வழியும் உண்டு: ஆன்மாவின் ஒரு பகுதியைக் கொடுத்து நிழலை வாங்கிக்கொண்ட மனிதர்கள். 2011-ல் வந்தது. எண்ணம் அருமையானது, விதிகள் எனக்கு நிறைவாக இல்லை. அதே எண்ணத்தை ஐந்தாம் பதிப்பில் ஒரு மனித வார்லாக் (வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறுபவர்) வழியாக நன்றாகவே ஆடலாம்.

உங்கள் மேசை எந்த விளையாட்டை ஆடுகிறது என்பதே பாதித் தேர்வை முடித்துவிடும். பாத்ஃபைண்டர் என்றால் கயலைத் தவிர வேறு யோசனை வேண்டாம். ஐந்தாம் பதிப்பு என்றால், ஷேடோஃபெல்லுக்குக் கதை எத்தனை முறை போகும் என்று கேளுங்கள். ஒரே ஒருமுறை, கடைசியில் போகும் என்றால் ரீபார்ன். அவருடைய நிழல் அவரோடே இருக்கிறது, எந்த ஊரிலும் வேலை செய்யும். அடிக்கடி போய்வரும் கதை என்றால் ஷடார்-கை, தயங்காமல். போகும்போது முதுமையும் வரும்போது இளமையும் என்று ஒவ்வொரு பயணமும் உடலில் எழுதப்படுவது வேறு எந்த இனத்துக்கும் கிடைக்காத வரம்.

ஷடார்-கையை எடுத்தால், தாளின் பின்பக்கத்தில் இரண்டு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். ஒன்றில், அரசியிடம் இதுவரை கொண்டுபோய்ச் சேர்த்த நினைவுகள். மற்றதில், கொண்டுபோக மனமில்லாமல் நீங்களே வைத்துக்கொண்டவை. என் தோழியின் தாளில் இரண்டாவது பத்தி வெகுநாள் காலியாகவே இருந்தது. அந்தப் படிக்கட்டு இரவு முடிந்து நாங்கள் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பென்சிலை எடுத்து அதில் முதல் வரியை எழுதினாள்: "குள்ளரின் தோள்."